பல்லை இறக்கிவிட்டுத் தைத்தவர்கள்

1854 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில் ஆலன் வில்சன் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. மரச்சாமான் செய்யும் தச்சராகத் தொழில் தொடங்கியவர் அவர். தையல் மெஷினில் ஊசிக்கு நேர் கீழே, தட்டிலுள்ள பிளவுகள் வழியாக எட்டிப் பார்க்கும் பற்களுக்கான காப்புரிமை அது. பற்கள் மேலே எழும்பும், துணியைக் கவ்வித் தள்ளும், கீழே இறங்கும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். ஒவ்வொரு தையலுக்கும் இந்த நான்கு அசைவும் ஒரு முறை நடக்கும். 1846-ல் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்ற மெஷினில் துணியை ஓர் உலோகப் பட்டையின் முட்களில் குத்தித் தொங்கவிட வேண்டியிருந்தது. பட்டையின் நீளம் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, துணியை எடுத்து, மறுபடியும் குத்த வேண்டும். வில்சனின் பற்கள் அந்தத் தொல்லையைத் தீர்த்தன. இன்றைக்கும் வீடுகளில் ஓடும் மெஷின்களில் பெரும்பாலானவை அந்த நான்கு அசைவை நம்பித்தான் ஓடுகின்றன.

ஃப்ரீ மோஷன் குயில்டிங் செய்பவர்கள் முதல் வேலையாக அந்தப் பற்களைக் கீழே இறக்கிவிடுகிறார்கள்.

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்த கனத்த போர்வைதான் குயில்ட். பற்கள் வேலை செய்யும்வரை மெஷின் தன் போக்கில் நேராகத்தான் போகும். கோடு வளைய வேண்டுமென்றால் போர்வை முழுவதையும் திருப்பியாக வேண்டும். பற்களை இறக்கி, துணியை அழுத்திப் பிடிக்காத டார்னிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டிவிட்டால் துணி எந்தப் பக்கமும் நகரும். பென்சில் ஒரே இடத்தில் நின்று குத்திக்கொண்டிருக்க, காகிதத்தை நகர்த்திப் படம் போடுவது மாதிரியான வேலை இது. இலை, சுருள், இறகு, கூழாங்கல் என்று எதையும் நூலால் வரைந்துவிடலாம்.

வரைவது சுலபமில்லை. தையலின் நீளத்தை இங்கே மெஷின் முடிவு செய்வதில்லை; மிதியை அழுத்தும் காலும் துணியை நகர்த்தும் கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரு அங்குலத்துக்கு 10 தையல் விழ வேண்டும், மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை நிமிடத்துக்கு 60 அங்குலம், அதாவது நொடிக்கு ஒரு அங்குலம் துணியை நகர்த்தியாக வேண்டும். மிதியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி 900 ஆக்கினால் கையும் நொடிக்கு ஒன்றரை அங்குலத்துக்கு ஏற வேண்டும். கை பின்தங்கினால் தையல்கள் பொடிப்பொடியாக நெருங்கி ஒரே இடத்தில் குவியும். முந்தினால் நீண்டு தளரும். வளைவில் கை மட்டும் விரைந்துவிட்டால் மேல்நூல் அடிப்பக்கத்துக்கு இழுபட்டு வரிசையாகக் கண்ணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். குயில்ட் வட்டாரத்தில் இதைக் கண்ணிமை மயிர் என்றே சொல்கிறார்கள். மேலே பார்த்தால் குறை தெரியாது. போர்வையைத் திருப்பும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

இவ்வளவு கைப்பழக்கம் கேட்கும் ஒரு வேலையை, மெஷினில் செய்தது என்பதற்காகவே அமெரிக்கக் குயில்ட் உலகம் வெகுகாலம் கைவேலையாக ஏற்கவில்லை. அந்தப் பிணக்குதான் இந்தக் கலையின் வரலாறு.

ஆரம்பத்தில் பிணக்கு இல்லை. 1850-களில் சிங்கர் மெஷினின் விலை 100 டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. 1856-ல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்த பிறகுதான் மெஷின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. அப்படி வாங்கிய பெண்களில் சிலர், மெஷின் தையல் பளிச்சென்று கண்ணில் படும்படியாகவே குயில்ட்களைத் தைத்தார்கள். மெஷின் இருக்கிற வீடு என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்து, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் குயில்ட்கள் பலவற்றில் இந்தத் தையலைப் பார்க்கலாம். இணைகோடுகளை ஒரே இடைவெளியில் ஓட்ட உதவும் கம்பி வழிகாட்டி ஒன்றையும் மெஷின் கம்பெனிகள் உதிரிப்பாகங்களோடு சேர்த்து விற்றன. ஆனால் எல்லாம் நேர்கோடு, கட்டம், சாய்சதுரம். பற்கள் போகும் திசையைத் தாண்டவில்லை.

பற்களைத் தாண்டியவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். சிங்கர் கம்பெனி தன் கடைகளில் எம்பிராய்டரி வகுப்பு நடத்தியது. 1911-ல் அது வெளியிட்ட எம்பிராய்டரி, லேஸ் பயிற்சி நூல், ஃபுட்டைக் கழற்றிவிட்டு, பற்கள் துணியைத் தொடாதபடி செய்து, துணியை வளையத்தில் இறுக்கி, கையால் நகர்த்திப் பூவும் எழுத்தும் பின்னுவதைப் படத்தோடு கற்றுக்கொடுத்தது. சாதாரண நேர்த்தையல் மெஷின், காலால் மிதிப்பது. தனிக் கருவி எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் மெஷின் எம்பிராய்டரி வகுப்புக்குப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரவிக்கைக் கையிலும் தலையணை உறையிலும் மெஷினில் போட்ட பூக்கள் எல்லாம் இதே வழியில் வந்தவை. கிழிந்த ஜீன்ஸின் முழங்காலை மெஷினுக்கு அடியில் வைத்து, துணியை முன்னும் பின்னும் அசைத்து நூலால் அடைத்துத் தரும் தெருமுனைத் தையல்காரரின் கை செய்வதும் இதையேதான். டார்னிங் ஃபுட் என்ற பெயரிலும் அந்தப் பழைய உறவு இருக்கிறது. காலுறை ஓட்டை அடைக்கச் செய்த ஃபுட் அது.

ஆக, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெஷினும் இருந்தது, வித்தையும் இருந்தது. குயில்ட்டுக்கு அது வர இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின. ஒரு காரணம் உடல் சம்பந்தப்பட்டது. எம்பிராய்டரி வளையம் ஒரு சாண் அகலம். குயில்ட் ஒரு கட்டில் அகலம். வீட்டு மெஷினின் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே இருக்கும் இடம் ஆறேழு அங்குலம். 90 அங்குலப் போர்வையைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்து, மீதியைத் தோளிலும் மடியிலும் தாங்கிக்கொண்டு, ஊசிக்கு அடியில் இருக்கும் கையளவு இடத்தை மட்டும் லேசாக நகர்த்த வேண்டும். பஞ்சின் கனம் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும். இன்றும் வீட்டு மெஷினில் குயில்ட் செய்பவர்கள் அதிகம் குறை சொல்வது அந்தச் சந்தைப் பற்றித்தான்.

இன்னொரு காரணம் மனம் சம்பந்தப்பட்டது. அதற்குக் குயில்ட் வடிவங்களின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஃப்ரீ மோஷன் பழகுகிறவர்கள் ஆசையோடு எட்டிப் பிடிக்க நினைக்கும் இறகு வடிவம் மெஷினோடு பிறந்ததல்ல. இங்கிலாந்தின் வட மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் தைத்த வடிவங்களில் அதுவும் ஒன்று. அங்கே குயில்டிங் கூலிக்குச் செய்யும் தொழிலாகவும் இருந்தது. நார்தம்பர்லாந்தில் ஜோசப் ஹெட்லி என்பவர் அதிலேயே பிழைத்தார்; ஊர் முழுக்க அவரைக் ‘குயில்ட்காரர் ஜோ’ என்றுதான் அழைத்தது. 1826 ஜனவரியில் தன் குடிசையில் அவர் கொலையுண்டார். கொன்றவர்கள் கடைசிவரை அகப்படவில்லை. பிற்பாடு அதே வட்டாரத்தில் ஆலன்ஹெட்ஸ் என்ற ஊரில் வேறொரு தொழில் வளர்ந்தது: தைப்பது இல்லை, தைப்பதற்குக் கோடு போட்டுக் கொடுப்பது. ஜார்ஜ் கார்டினர் என்பவரும், அவரிடம் பழகிய எலிசபெத் சாண்டர்சனும் வெள்ளைத் துணியில் நீலப் பென்சிலால் இறகும் ரோஜாவும் சுருளும் வரைந்து அனுப்புவார்கள். வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கோட்டின் மேல் தைப்பார். தைப்பவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர் என்ற பிரிவினை அன்றே இருந்தது.

அமெரிக்காவிலும் கூலிக் குயில்டிங் உண்டு. தேவாலய மகளிர் குழுக்கள் பிறர் கொடுத்த மேல்துணியைச் சட்டத்தில் கட்டித் தைத்து, செலவான நூலின் கெஜக் கணக்கில் காசு வாங்கின. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பழைய குடியேற்றக் காலத்தின்மீது ஓர் ஏக்கம் கிளம்பியது. 1915-ல் மேரி வெப்ஸ்டர் எழுதிய நூல் அமெரிக்கக் குயில்ட்களின் வரலாற்றைச் சொன்ன முதல் முழு நூல். பாட்டி, விளக்கொளி, ஊசி, பொறுமை என்று ஒரு சித்திரம் மக்கள் மனதில் ஊன்றியது. அந்தச் சித்திரத்தில் மெஷினுக்கு இடமில்லை. மெஷின் தையலைப் பெருமையாகக் காட்டிய முந்தைய தலைமுறையை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அந்த ஏக்கம் எவ்வளவு ஓட்டையானது என்பதற்கு 1933 ஒரு சான்று. சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் ரோபக் கம்பெனி தேசியக் குயில்ட் போட்டி ஒன்றை அறிவித்தது. பெருமந்தத்தின் நடுவில் முதல் பரிசு 1,000 டாலர் என்றதும் நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 24,000 குயில்ட்கள் வந்து குவிந்தன. வென்றவர் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் கேடன். பரிசு பெற்ற குயில்ட் வெள்ளை மாளிகைக்கு, எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. கேடன் அதில் ஊசி தொடவில்லை என்று பின்னால் தெரிந்தது. கூலிக்குத் தைத்த பெண்களின் வேலை அது. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு போகவில்லை. கைத்தையலைப் போற்றிய காலம் தைத்த கைகளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மெஷினைப் பழித்தவர்கள் பின்னாளில் எத்தனையோ காரணம் சொன்னார்கள்; இந்த ஒரு நிகழ்ச்சி அவற்றில் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகிறது.

மெஷினுக்காக முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் ஒரு விவசாயி. நெப்ராஸ்காவில் டேவிட் சிட்டி அருகே வாழ்ந்த எர்னஸ்ட் ஹெய்ட், பொறியியல் படித்தவர். 1930-களில் மனைவி ஒட்டிய குயில்ட்டின் முனைகள் சரியாகச் சேரவில்லை என்று சொல்லப்போய், முடிந்தால் நீங்களே செய்து காட்டுங்கள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். செய்தும் காட்டினார். துண்டுகளை ஒட்டும் வேலை அவருக்கு வேகமாக வந்தது. கைக்குயில்டிங் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மெஷினில் இறங்கினார். நூலை அடிக்கடி அறுக்காமல், ஓரத்தில் பட்டுத் திரும்பும் சாய்கோடாகப் போர்வை முழுவதையும் நீண்ட ஓட்டங்களில் முடிப்பதற்கு வழி கணித்தார். 1974-ல் இல்லத்தரசிகளுக்கென்று அந்த முறையைச் சிறு கையேடாக வெளியிட்டார். அவர் போட்டது ஃப்ரீ மோஷன் இல்லை, பற்களோடு ஓடிய நேர்கோடுதான். ஆனாலும் ‘கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் நூலறுக்காமல் எப்படிப் போவது’ என்ற அவருடைய கேள்விதான் இன்று ஒவ்வொரு ஃப்ரீ மோஷன் வடிவத்துக்கும் அடிப்படை. நம்மூர் வாசலில் கையெடுக்காமல் சிக்குக்கோலம் இழுப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

1970-களில் காற்று மாறியது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்களை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. 1976-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு; வீட்டுக்கு வீடு குயில்ட் ஆசை. 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி வட்டக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கத்தி சின்னக் கருவிதான், ஆனால் செய்த வேலை பெரிது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய துண்டுகளை, ஸ்கேலை வைத்து அடுக்கடுக்காகச் சில நிமிடங்களில் வெட்டிவிடலாம். மேல்துணிகள் மளமளவென்று தயாராயின. குயில்ட் செய்து முடிக்கத்தான் ஆளில்லை; கையால் ஒரு பெரிய போர்வையை முடிக்க மாதக்கணக்காகும். அலமாரிகளில் மேல்துணிகள் மடித்தபடி கிடந்தன. மெஷின் குயில்டிங்குக்கு வழி திறந்தது இந்தத் தேக்கம்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வழியில் முன்னே நடந்தவர் கொலராடோவின் ஹாரியட் ஹார்கிரேவ். கடை நடத்தியவர், வகுப்பெடுத்தவர். இறகு, மாலை, பின்னல் என்று பாட்டிமார் கையால் தைத்த அதே வடிவங்களை வீட்டு மெஷினில், பற்களை இறக்கி, டார்னிங் ஃபுட்டில் தைத்துக் காட்டினார். மேல்நூலாகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் நூலைப் போட்டார். கோடு தெரியாது, பஞ்சு அமுங்கி எழும் மேடுபள்ளம் மட்டும் தெரியும்; கைத்தையலின் அழகும் அந்த மேடுபள்ளத்தில்தானே இருக்கிறது. 1987-ல் வந்த அவருடைய மெஷின் குயில்டிங் நூல் பல பதிப்புகள் கண்டது. பொழுதுபோக்காகத் தைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒழுங்கான பாடம் கிடைத்தது அப்போதுதான்.

இரண்டே ஆண்டில் பெரிய மேடையில் மோதல் வந்தது. கென்டக்கியில் ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் படூகா நகரில், பில், மெரிடித் ஷ்ரோடர் தம்பதி தொடங்கிய அமெரிக்கக் குயில்டர்கள் சங்கம் 1985 முதல் ஆண்டுதோறும் போட்டி நடத்திவந்தது. 1989-ல் அதன் உச்சப் பரிசு கேரில் ப்ரையர் ஃபாலர்ட் செய்த ‘கரோனா 2: சூரிய கிரகணம்’ என்ற குயில்ட்டுக்குப் போனது. ஃபாலர்ட் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். தானே சாயமேற்றிய துணியில், இருண்ட வட்டத்தைச் சுற்றிச் சுழலும் தீ நாக்குகளை மெஷினில் ஒட்டி, மெஷினிலேயே குயில்ட் செய்திருந்தார். மெஷினில் குயில்ட் செய்த ஒன்று அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல் தடவை. முணுமுணுப்பு கிளம்பியது. மின்சாரத்தால் ஓடும் ஊசிக்கு எப்படிப் பரிசு கொடுக்கலாம் என்றார்கள். 1999-ல் 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த 100 அமெரிக்கக் குயில்ட்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பட்டியலில் ‘கரோனா 2’ இருந்தது. படூகா போட்டியிலும் கைவேலைத் திறனுக்கு ஒன்று, மெஷின் வேலைத் திறனுக்கு ஒன்று என்று தனித்தனிப் பரிசுகள் நிலைபெற்றன.

மெஷின் திறனுக்கான பரிசைத் திரும்பத் திரும்ப வென்றவர் விஸ்கான்சினின் டயான் காடின்ஸ்கி. சாதாரண வீட்டு மெஷினில், பட்டு நூலில், ஒன்றின் முதுகில் ஒன்று சாயும் இறகுகளை அவர் தைத்தார். ஆலன்ஹெட்ஸின் நீலப் பென்சில் இறகுக்கு இவை பேத்திகள். இறகு தைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் நடுத்தண்டு. பிறகு அடியிலிருந்து ஒரு மடல். அது வளைந்து தண்டுக்கு வந்து சேரும். அடுத்த மடலுக்குப் போக, போட்ட தையலின் மேலேயே சிறிது தூரம் திரும்ப நடக்க வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் இரட்டைக்கோடு தெரியும். இதனாலேயே ஆசிரியைகள் புதியவர்களுக்கு இறகை முதலில் கொடுப்பதில்லை. ஒன்றையொன்று வெட்டாமல் வளைந்து வளைந்து போகும் ஸ்டிப்ளிங்கில் தொடங்குவார்கள். அதற்கும் முன்னால் காகிதமும் பென்சிலும். கோடு எங்கே திரும்புகிறது என்று கை பழகிய பிறகுதான் மூன்றடுக்குத் துணியைத் தொட வேண்டும். பழகும் துணி ஒரு முழச் சதுரம் போதும். நாலங்குலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி அடுக்குகளைப் பிணைத்து, அடிநூலை மேலே இழுத்து, நாலைந்து பொடித் தையலில் நூலைப் பூட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பார்வை ஊசியில் நிற்கக்கூடாது. ஊசி அடுத்துப் போகப்போகும் இடத்தில் இருக்க வேண்டும். விரல் நுனியில் ரப்பர் பூசிய கையுறை போட்டுக்கொண்டால் வழுக்காது, தோளும் இறுகாது.

பெரிய மெஷின்களும் வந்துவிட்டன. லாங்ஆர்ம் என்னும் நீண்ட கை மெஷினில் போர்வை சட்டத்தில் அசையாமல் கிடக்கும், மெஷினைக் கைப்பிடியால் நகர்த்தலாம். சந்தில் திணிக்கும் துன்பம் அங்கே இல்லை. காசு கொடுத்தால் குயில்ட் செய்து தருபவர்கள் இன்று அமெரிக்க நகரங்கள்தோறும் இருக்கிறார்கள். கெஜக் கணக்குப் போய், சதுர அங்குலக் கணக்கு வந்திருக்கிறது. வீட்டு மெஷினுக்கும் ஓர் உதவி வந்தது. 2005 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பெர்னினா கம்பெனி, ஃபுட்டிலேயே உணரி வைத்து, கை நகரும் வேகத்தைப் பார்த்து ஊசியின் வேகத்தை மாற்றும் கருவியைக் கொண்டுவந்தது. கை நின்றால் ஊசியும் தணியும், கை விரைந்தால் ஊசியும் விரையும். நொடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கை இனிக் கால் போட வேண்டாம். வளைவு எங்கே, மடல் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் திரும்பினால் மூலையில் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வரலாம் என்பது அந்த உணரிக்குத் தெரியாது. பற்கள் கீழே இறங்கியே இருக்கின்றன. வழியைத் தைப்பவர்தான் கண்டுபிடிக்கிறார்.